அப்டேட் போட்ட பிறகு குறைந்த மைலேஜுக்கு யார் பதில் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களை வாங்குவோர் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விலை, வரி, மைலேஜ், பேட்டரிக்கான வாரண்டி என்று புதிதாக வாங்க நினைப்பவர் மனத்தில் எழும் கேள்விகள் பெரும்பாலும் அதில் இடம்பெற்றிருந்தன. ஆனால் வாங்கி இரண்டு ஆண்டு ஓட்டியவர் மனத்தில் எழும் ஒரு கேள்வி அதில் இல்லை. சர்வீசுக்கு விட்ட இடத்தில் காரின் மென்பொருளை மாற்றித் தருகிறார்கள். அதன் பிறகு வண்டி முன்பைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கிறது. என்ன மாற்றினீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. இது எனக்கு நேர்ந்தது. பலருக்கும் நேர்ந்திருக்கலாம், கணக்கு எழுதி வைக்காததால் தெரியாமலும் இருக்கலாம் என்பதால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ஸ்ரீரங்கத்தில் வசிப்பவன். துவாக்குடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். 2023 நவம்பரில் ஸ்ட்ராங் ஹைபிரிட் கார், அதாவது சிறிது தூரம் மின்மோட்டாரில் மட்டுமே ஓடக்கூடிய வகை, ஒன்று வாங்கினேன். அதே மாடலின் சாதாரணப் பெட்ரோல் வண்டியைவிட ஏறக்குறைய இரண்டரை லட்சம் ரூபாய் கூடுதல். நாளொன்றுக்கு ஐம்பது கிலோமீட்டர் நகரத்து நெரிசலில் போய் வருபவனுக்கு அந்தப் பணம் சில ஆண்டுகளில் பெட்ரோல் செலவில் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொது விதி ஒன்று வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஒரு பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பெயரோடு நின்றுவிடும்.

வாங்கிய நாளிலிருந்து காரில் ஓர் எண்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, ஓடோமீட்டர் எண், போட்ட லிட்டர், கொடுத்த தொகை, குறிப்பு என்று ஐந்து பத்திகள். திருவெறும்பூரில் ஒரே பங்க், கூடியவரை ஒரே பம்ப், முதல் முறை தானாக நின்றவுடன் நிறுத்திவிடச் சொல்வேன். பில் தொகையை முழு ரூபாயாக்குவதற்காக மேலும் கொஞ்சம் ஊற்ற விடுவதில்லை. குறிப்புப் பத்தியில் "மதுரை போய் வந்தது", "நான்கு நாள் மழை", "டயர் காற்று சரிபார்த்தது" என்று எழுதியிருப்பேன். காரின் திரையே சராசரி மைலேஜைக் காட்டுகிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று வீட்டில் கேட்டதுண்டு. அந்தத் திரையில் வரும் எண்ணையும் ஒரு மென்பொருள்தான் கணக்கிடுகிறது. அளப்பதும் அளக்கப்படுவதும் ஒரே கையில் இருக்கும்போது, பங்கில் ஊற்றிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் வைத்து நாமே வகுத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன், தானும் செய்ய வேண்டும் அல்லவா?

2024-ஆம் ஆண்டு முழுவதுக்குமான என் சராசரி லிட்டருக்கு 22.6 கிலோமீட்டர். 2025 கோடையில் அது மெல்ல இறங்கி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 21.8 ஆனது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது பரவலான காலம் அது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதற்கேற்ப வடிவமைத்த கார்களில் 1 முதல் 2 விழுக்காடும் மற்றவற்றில் 3 முதல் 6 விழுக்காடும் மைலேஜ் குறையக்கூடும் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் தெரிவித்திருந்தது. ஆகவே 22.6 என்பது 21.8 ஆனதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அது படிப்படியாக நடந்தது, காரணமும் வெளிப்படையாகத் தெரிந்தது.

செப்டம்பரில் 30,000 கிலோமீட்டர் சர்வீசுக்கு வண்டியை விட்டேன். காத்திருக்கும் அறையின் கண்ணாடிக்கு அப்பால் என் வண்டி தெரிந்தது. பானெட்டைத் திறந்து பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஒரு சார்ஜரை மாட்டிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் கேபிளைச் செருகி, பக்கத்து இருக்கையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். நடுவில் மின்னழுத்தம் இறங்கினால் எழுதிக்கொண்டிருக்கும் நிரல் பாதியில் கெட்டுவிடும் என்பதால்தான் அந்தச் சார்ஜர். ஈ.சி.யூ. எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றில் புதிய நிரல் ஏற்றுகிறார்கள் என்பது எனக்குப் பார்த்தவுடனே புரிந்தது. பில்லில் ஆயில், ஃபில்டர், வீல் அலைன்மென்ட் ஆகியவற்றுக்குக் கீழே "ஈ.சி.யூ. அப்டேட்" என்று ஒரு வரி இருந்தது; அதற்கு நேராகத் தொகை 0.00. எந்தப் பெட்டிக்கு, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு, எதற்காக என்று ஒரு சொல்லும் இல்லை. கேட்டதற்கு சர்வீஸ் அட்வைசர், "கம்பெனியிலேர்ந்து வந்தது சார், எல்லா வண்டிக்கும் போடுறோம், ஃப்ரீதான்" என்றார்.

மறுநாள் காலையிலேயே வேறுபாடு தெரிந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் நோக்கிக் காவிரிப் பாலத்தில் எட்டரை மணிக்கு ஊர்ந்து போவது எங்கள் அன்றாடம். அதற்கு முன் இரண்டாண்டு காலம், அந்த நெரிசலில் என் வண்டி பாலத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை எஞ்சின் இயங்காமல், மின்மோட்டாரிலேயே கடந்துவிடும். மோட்டாரில் ஓடுவதைக் காட்டும் பச்சை நிற விளக்கு திரையில் அணையாமல் இருக்கும். அன்று பாலத்தில் கால் பங்கு தூரம்கூடப் போகவில்லை, எஞ்சின் இயங்கத் தொடங்கிவிட்டது. பால்பண்ணையில் சிக்னலில் நிற்கும்போதும் இயங்கியது. திரையில் பேட்டரி அளவைக் காட்டும் எட்டுக் கட்டங்களில், முன்பு மூன்று கட்டம் ஆகும்வரை காத்திருந்து எஞ்சினை எழுப்பிய வண்டி இப்போது ஐந்து கட்டம் இருக்கும்போதே எழுப்புகிறது. ஒரு நாள் சூட்டிலோ ஏ.சி. ஓடியதாலோ அப்படி ஆகியிருக்கலாம் என்று இரண்டு வாரம் பொறுத்தேன். அது மாறவில்லை.

அக்டோபர் முதல் சனவரி வரையிலான நான்கு மாதச் சராசரி 19.1. முந்தைய ஆண்டின் இதே மழைக்கால மாதங்களோடு ஒப்பிட்டால் வீழ்ச்சி இன்னும் பெரிது. அந்த ஒப்பீட்டில் எத்தனாலின் பங்கும் கலந்திருக்கும் என்பதால், அப்டேட்டுக்குச் சற்று முந்தைய 21.8-ஐ மட்டுமே அடிப்படையாகக் கொள்கிறேன். அப்படிப் பார்த்தாலும் 12 விழுக்காட்டுக்கு மேல் குறைவு. மாதம் 1,400 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு ஒன்பது லிட்டர் கூடுதல், இன்றைய விலையில் ஏறத்தாழ 900 ரூபாய்.

ஓட்டும் விதம் மாறியிருக்கும் என்று வாடிக்கையாளர் சேவையினர் எழுத்தில் பதில் அனுப்பினார்கள். ஐயத்தை எனக்கே நான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் அதே மாடலை எனக்கு இரண்டு மாதம் கழித்து வாங்கியவர். அவர் வண்டிக்கு அந்த அப்டேட் அப்போது இன்னும் போடப்படவில்லை. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, இரண்டு வண்டிகளுக்கும் டயர் காற்றை ஒரே அளவில் வைத்து, ஒரே பம்பில் நிரப்பி, ஏ.சி.யை 24-இல் வைத்துக்கொண்டு, தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் வரை ஒருவர் பின் ஒருவராகப் போனோம். திரும்பும்போது நான் அவர் வண்டியையும் அவர் என் வண்டியையும் ஓட்டிவந்தோம். மீண்டும் அதே பம்பில் நிரப்பியபோது 190 கிலோமீட்டருக்கு அவர் வண்டி வாங்கிக்கொண்டது 8.7 லிட்டர், என்னுடையது 9.8 லிட்டர். இரண்டு வண்டிகளை வைத்து ஒரே நாள் செய்த சோதனை அறிவியல் ஆய்வாகிவிடாது என்பது எனக்குத் தெரியும். வண்டிக்கு வண்டி சிறு வேறுபாடு இருக்கவே செய்யும். ஆனால் ஓட்டும் விதம்தான் காரணம் என்ற பதிலுக்கு அந்த ஒரு நாள் போதும்.

வாசகர்கள் பலருக்கும் இங்கே ஒரு கேள்வி எழலாம். எஞ்சினும் மோட்டாரும் பேட்டரியும் அப்படியே இருக்க, நிரலை மாற்றினால் மைலேஜ் எப்படிக் குறையும்? சாதாரணப் பெட்ரோல் காரிலேயே எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் நிரல்தான் முடிவுசெய்கிறது என்றாலும், ஹைபிரிட் காரில் அதன் அதிகாரம் பல மடங்கு பெரியது. இந்த வண்டிகளின் உயர் மின்னழுத்தப் பேட்டரி, முழு மின்சாரக் காரின் பேட்டரியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் வசதியும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகும் ஆற்றலையும், எஞ்சின் நல்ல திறனில் இயங்கும் வேளையில் கிடைக்கும் உபரியையும் அதில் சேர்த்து வைத்து, எஞ்சின் திறன் குறைந்து இயங்க வேண்டிய நெரிசலில் அதைச் செலவழிப்பதுதான் இதன் இரகசியம். பேட்டரியை முழுதாக நிரப்பினாலும் முழுதாக வற்றவிட்டாலும் அதன் ஆயுள் குறையும் என்பதால், நடுவில் ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்துமாறு எல்லை வகுத்திருப்பார்கள். கீழ் எல்லை எது, மேல் எல்லை எது, எந்த வேகம் வரை மோட்டார் மட்டும் ஓட்டலாம், எப்போது எஞ்சின் எழ வேண்டும், பிரேக்கில் எவ்வளவு ஆற்றலைத் திரும்ப எடுக்கலாம் என்ற அத்தனை முடிவுகளும் நிரலில் எழுதப்பட்ட எண்கள். கீழ் எல்லையைச் சற்று மேலே தூக்கினால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். எஞ்சின் கூடுதல் நேரம் ஓடும். லேப்டாப்பில் சில நிமிட வேலை அது. வண்டி வாங்கியவர் கூடுதல் விலை கொடுத்தது எந்தத் திறனுக்கோ அந்தத் திறனையே அது தொடுகிறது.

என் வண்டியில் மாற்றியது இந்த எல்லையைத்தான் என்று நான் அறுதியிட்டுச் சொல்லவில்லை. புகைக் கட்டுப்பாட்டுக்காக எஞ்சினை வெதுவெதுப்பாக வைத்திருக்க மாற்றியிருக்கலாம். ஏதோ ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்ய மாற்றியிருக்கலாம். காரணம் நியாயமானதாகவே இருந்தாலும் அதை எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை. சொல்லாதபோது ஐயம் ஓர் இடத்தை நோக்கித் தானாகவே போகிறது. இந்தப் பேட்டரிகளுக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள். அந்தக் காலத்துக்குள் பேட்டரி கெட்டால் செலவு நிறுவனத்துடையது. பெட்ரோல் செலவு எப்போதும் உரிமையாளருடையது. பேட்டரிக்கு ஓய்வு கொடுத்து எஞ்சினை ஓட்டும் ஒரு நிரல், நிறுவனத்தின் தோளில் இருக்கும் சுமையில் ஒரு பகுதியைச் சத்தமின்றி உரிமையாளரின் தோளுக்கு மாற்றிவிட முடியும். என் கணக்கில் அது ஆண்டுக்குப் பதினோராயிரம் ரூபாய். வாரண்டி முடியும் 2031 வரை கணக்கிட்டால் அறுபதாயிரத்துக்கு மேல். இப்படி நலன்கள் முரண்படும் இடத்தில் முடிவை ஒரு தரப்பு மட்டும் எடுப்பதும் மறு தரப்புக்குத் தெரிவிக்காமல் விடுவதும் முறையல்ல.

இது வெறும் ஊகம் என்று எவரும் ஒதுக்க முடியாதபடி, பொது ஆவணங்களில் பதிவான வழக்கு ஒன்று அமெரிக்காவில் உண்டு. ஹோண்டா சிவிக் ஹைபிரிட் என்ற கார். 2008-இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது, வாசகர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அமெரிக்காவில் 2006 மாடலுக்கு அரசு மதிப்பீடு கேலனுக்கு 50 மைல், அதாவது நம் கணக்கில் லிட்டருக்கு 21 கிலோமீட்டர். பல வண்டிகளில் பேட்டரிகள் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே தளரத் தொடங்கின. 2010-இல் அந்த நிறுவனம் 2006 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு ஒரு மென்பொருள் மாற்றத்தைக் கொண்டுவந்தது. பேட்டரியின் ஆயுளை நீட்டிப்பதற்காக மின்மோட்டாரின் பங்கைக் குறைக்கும் மாற்றம் அது. அதைப் போட்டுக்கொண்ட உரிமையாளர்கள் வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் சரிந்துவிட்டது என்று புகார் செய்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்மணி, சட்டம் படித்தவர், எல்லோருக்காகவும் நடந்துகொண்டிருந்த கூட்டு வழக்கின் சமரசத்தில் சேர மறுத்து, வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடக்கூடிய சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போனார். அப்டேட்டுக்குப் பிறகு தம் வண்டி கேலனுக்கு 30 மைல்கூடத் தரவில்லை என்பது அவர் முறையீடு. நம் கணக்கில் 13 கிலோமீட்டருக்கும் கீழே. 2012 பிப்ரவரியில் அவருக்கு 9,867 டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பானது. அதே ஆண்டு மே மாதம் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. கூட்டு வழக்கில் இருந்த ஏறக்குறைய இரண்டு லட்சம் உரிமையாளர்களுக்குக் கிடைத்தது, ஆளுக்கு 100 அல்லது 200 டாலரும் புதிய கார் வாங்கினால் ஒரு தள்ளுபடிச் சலுகையும்.

தீர்ப்பு ரத்தானதை மறைத்துவிட்டு முதல் பாதியை மட்டும் எழுதியிருந்தால் என் கடிதத்துக்கு வலு கூடியதுபோல் தெரிந்திருக்கும். ஆனால் அந்தத் தோல்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சட்ட அறிவும் நேரமும் துணிவும் உள்ள ஒருவராலேயே, வண்டி விற்று வருடக்கணக்கான பிறகு செய்த மாற்றத்துக்கு நீதிமன்றத்தில் பொறுப்பேற்க வைக்க முடியவில்லை என்றால், துறையூரிலும் மணப்பாறையிலும் இருந்து வண்டியை ஓட்டிவந்து சர்வீசுக்கு விடுபவர் என்ன செய்ய முடியும்? வழக்கில் போய்த் தீர்க்க வேண்டிய நிலை வருவதற்கு முன்பே, சர்வீசுக்கு விடும்போது செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டிலேயே இது தீர வேண்டும்.

மறுபுறமும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2013-இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் சி-மேக்ஸ் ஹைபிரிட், அறிவித்தபடி கேலனுக்கு 47 மைலைத் தரவில்லை என்ற புகார் பெரிதாக எழுந்தபோது, அந்த நிறுவனம் ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கும் ஒரு மென்பொருள் மாற்றத்தை அறிவித்தது. மின்மோட்டாரில் மட்டும் ஓடும் வேகத்தின் உச்சவரம்பை மணிக்கு 62 மைலிலிருந்து 85 மைலாக உயர்த்தினார்கள். எஞ்சின் சூடேற எடுக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். குளிர்விக்கும் விசிறியும் ஏ.சி.யும் இயங்கும் முறையை மாற்றினார்கள். ஆகஸ்டில் மதிப்பீட்டையே 43 மைலாகத் திருத்திக்கொண்டு, வாங்கியவர்களுக்கு 550 டாலர் வீதம் கொடுத்தார்கள். மாற்றம் என்ன, எதற்காக, எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்ல ஒரு நிறுவனத்தால் முடியும் என்பதற்கு இது சான்று. மைலேஜைக் கூட்டும் மாற்றத்தை இவ்வளவு விளக்கமாகச் சொல்ல முடியுமானால், குறைக்கும் மாற்றத்தையும் அதே விளக்கத்தோடு சொல்ல முடியும்.

அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 2014 பிப்ரவரியில் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் 19 லட்சம் பிரியஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பகுதியிலுள்ள டிரான்சிஸ்டர்கள் மிகையாகச் சூடாகி, ஓடும் வண்டி வழியில் நின்றுவிடக்கூடும் என்பதால், மென்பொருளைத் திருத்திக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட அப்டேட்டைப் போடாமல் விடுவது உயிரோடு விளையாடுவது. என் மாணவர்களிடமும் அதையே சொல்வேன். எது பாதுகாப்புக்கானது, எது பேட்டரியின் ஆயுளுக்கானது, எது திரையின் நிறத்தை மாற்றுவது என்று பிரித்துச் சொன்னால்தான் உரிமையாளர் முதலாவதைத் தயங்காமல் ஏற்பார். எல்லாவற்றையும் "ஈ.சி.யூ. அப்டேட்" என்ற ஒரே வரியில் போட்டு மூடினால், மைலேஜ் போய்விடுமோ என்ற அச்சத்தில் அவசியமான திருத்தத்தையும் ஒருவர் தட்டிக்கழிக்கும் நாள் வரும். எங்கள் பகுதியில் சிலர் ஏற்கெனவே அப்படிப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. நியாயமான விதி. நான் வண்டியில் கை வைத்தால் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. என் வண்டியின் நடத்தையையே நிறுவனம் மாற்றும்போது எனக்கு ஒரு காகிதமாவது வர வேண்டாமா? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, திறன், விலை ஆகியவை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை நுகர்வோருக்குத் தருகிறது. வாங்கும் நாளோடு அந்த உரிமை முடிந்துவிடுகிறது என்று கொள்வது, வாங்கிய பிறகும் மாற்றிக்கொண்டே இருக்கக்கூடிய ஒரு பொருளுக்குப் பொருந்தாது.

ஐரோப்பாவில் இதைப் பற்றி ஏற்கெனவே யோசித்திருக்கிறார்கள். வாகன மென்பொருள் மாற்றங்களுக்கென்று ஐக்கிய நாடுகளின் 156-ஆவது வாகன ஒழுங்குமுறை 2020-இல் ஏற்கப்பட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 சூலை முதல் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் கட்டாயமாகியுள்ளது. ஒரு மாற்றம், வண்டிக்கு முதலில் கிடைத்த ஒப்புதலின் விவரங்களைப் பாதிக்கிறதா என்று நிறுவனம் ஆராய்ந்து பதிவுசெய்ய வேண்டும். இணையம் வழியாக வரும் மாற்றமானால் அதன் நோக்கத்தையும் வண்டியின் செயல்களில் என்ன மாறும் என்பதையும் போடுவதற்கு முன்பே உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும். அங்கு 2021 முதல் விற்கும் புதிய கார்களில், ஓடும் காலம் முழுவதும் குடித்த எரிபொருளை வண்டிக்குள்ளேயே கணக்கெடுத்து வைக்கும் வசதியும் கட்டாயம். அந்தக் கணக்குகளைத் திரட்டிப் பார்த்தபோது பெட்ரோல், டீசல் கார்களின் உண்மைச் செலவு அறிவித்ததைவிடச் சராசரியாக 20 விழுக்காடு கூடுதல் என்று ஐரோப்பிய ஆணையமே 2024-இல் வெளியிட்டது. அளந்து வைத்ததால்தான் அது வெளியே வந்தது. என் எண்பது பக்க நோட்டு செய்வதை அங்கே வண்டியே செய்கிறது.

இங்கே மைலேஜ் சான்று ஆய்வுக்கூடத்தில், உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஏறக்குறைய இருபது நிமிடம், மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் ஓட்டிப் பெறப்படுகிறது. அந்த எண் காவிரிப் பாலத்தில் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி நான் புகார் செய்யவில்லை. ஆனால் அந்த இருபது நிமிடமும் வண்டிக்குள் இயங்கியது ஒரு குறிப்பிட்ட நிரல். பின்னாளில் எஞ்சினும் மோட்டாரும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை மாற்றி வேறொரு நிரலை ஏற்றிவிட்டால், பழைய நிரலோடு பெற்ற சான்று அந்த வண்டிக்கு எப்படிப் பொருந்தும்? விற்பனையில் இருக்கும் மாடலுக்கு அத்தகைய மாற்றம் வரும்போது, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனம் ஒன்றில் மறுபடியும் அளந்து புதிய எண்ணை வெளியிட வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதி செய்ய வேண்டும். சென்னைக்கு அருகே ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் இருக்கிறது. உருளைகளில் ஓட்டி அளப்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அதற்குக் காலம் எடுக்கலாம். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் பெரிய செலவும் இல்லை. மென்பொருள் மாற்றம் செய்தால் பழைய பதிப்பு எண், புதிய பதிப்பு எண், எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி, மாற்றத்தின் நோக்கம் ஆகியவற்றை ஜாப் கார்டில் தமிழிலும் அச்சிட்டு, எஞ்சின் இயங்கும் முறையையோ பேட்டரியின் பயன்பாட்டையோ தொடும் மாற்றமானால் "இதனால் எரிபொருள் செலவு கூடக்கூடும்" என்று அதிலேயே எழுதி, வேலை தொடங்குவதற்கு முன் உரிமையாளரின் கையொப்பம் பெற வேண்டும். வைப்பர் பிளேடு மாற்றுவதற்கே தொலைபேசியில் அழைத்து ஒப்புதல் கேட்கிறார்கள், இதற்கும் கேட்கலாம். பேட்டரியைக் காப்பதற்காக மைலேஜை விட்டுக்கொடுக்கச் சொன்னால், அதற்கு ஈடாக வாரண்டியை ஓராண்டு நீட்டித்துத் தருகிறோம் என்றால், நான் ஒருவேளை சம்மதித்தே இருப்பேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பழைய பதிப்பையே மீண்டும் ஏற்றித் தர முடியுமா என்று சர்வீஸ் நிலையத்தில் கேட்டேன். அந்த வசதி தங்கள் கருவியில் இல்லை என்றார்கள். பதிப்பு எண்ணையாவது தாருங்கள் என்றேன்; வெளியே கொடுக்க அனுமதி இல்லை என்றார்கள். இதைச் சொன்ன இளைஞரின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மேலிருந்து அவருக்கும் எதுவும் சொல்லப்படவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எங்கள் பாலிடெக்னிக்கில் படித்து முடித்தவர்கள் இப்படிப்பட்ட மேசைகளில்தான் வேலைக்குப் போகிறார்கள். வாடிக்கையாளர் கேட்கும் நியாயமான கேள்விக்குத் தெரியாது என்று சொல்லும்படி அவர்களை நிறுத்தி வைத்திருப்பது ஓர் ஆசிரியனாக எனக்கு வேதனையாக இருக்கிறது.

வருகிற ஏப்ரலில் என் வண்டிக்கு 40,000 கிலோமீட்டர் சர்வீஸ். என்ன மாற்றம் என்று எழுத்தில் தராமல் எந்த மென்பொருளையும் ஏற்ற வேண்டாம், பாதுகாப்புக்கான திருத்தமாக இருந்தால் அதன் விவரத்தைக் குறிப்பிட்டுப் போடலாம் என்று ஜாப் கார்டில் என் கைப்படவே எழுதிக் கையொப்பமிட இருக்கிறேன். இதேபோல் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் டேங்க் நிரப்பிய கணக்கு வைத்திருக்கும் வாசகர்கள் இருந்தால், அதைத் தங்கள் நாளிதழுக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் செய்தியாளர் அவற்றைத் தொகுத்து அமைச்சகத்திடம் விளக்கம் கேட்பாரானால், என் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்துத் தரக் காத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஸ்ரீரங்கம் வாசகர்